இரவில் படகு வரும்போது: ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது, அடையாற்றின் கரையோரப் பகுதிகளில் வாழும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளும் மாறத் தொடங்குகின்றன. மருந்தின் அளவு, அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டிய நாள் ஆகியவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. "வெள்ளம் வந்து படகில்தான் போக வேண்டும் என்றால், இவரை எப்படிக் கொண்டுவருவது?" இக்கேள்விக்கு இவ்விதழில் விடை கூற முற்படுகிறோம். நாங்கள் படகோட்டிகள் அல்லர். ஆயினும், படகிலிருந்து இறங்கும் நோயாளியை ஏற்றுக்கொள்பவர்கள் நாங்கள். வழியில் நேர்ந்த தவறு பெரும்பாலும் எங்கள் கட்டிலில்தான் வெளிப்படுகிறது.

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. லிட்டர் கணக்கில் இது விநாடிக்கு 8 லட்சத்திற்கும் அதிகம். ஏரிக்குக் கீழே பெய்த மழையின் நீரும் அதனோடு கலந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகளில் தரைத்தள வீடுகள் நீரில் மூழ்கின. மின்சாரம் இல்லை, பல இடங்களில் கைப்பேசியும் இயங்கவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரின் ரப்பர் படகுகளும், கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்த ஃபைபர் படகுகளுமே அந்நாள்களில் பலருக்கு வழியாயின. கடலையே அறிந்த அம்மீனவர்கள், மதில்களுக்கும் மின்கம்பங்களுக்கும் இடையே படகு செலுத்தினார்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

இனி நாங்கள் சொல்லப்போவனவற்றுள் முதன்மையானது, படகில் ஏறுவதைப் பற்றியது அன்று. ஏற நேராமல் இருப்பதைப் பற்றியது. டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் மாலை 5.40 மணியளவில் சூரியன் மறைகிறது. ஆறரை மணிக்கெல்லாம் முழு இருள் சூழ்ந்துவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர், ஆக்சிஜன் உதவியுடன் வாழ்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோர் இருக்கும் வீட்டில், நீர் வெளியேற்றம் குறித்த எச்சரிக்கை வந்த உடனே, வெளிச்சம் இருக்கும்போதே, சாலையில் வாகனம் செல்லும்போதே புறப்பட்டுவிட வேண்டும். தெருவில் முழங்கால் அளவு நீர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது இவர்களுக்குப் பொருந்தாது. ஓடும் நீர் அரை அடி ஆழம் இருந்தாலே நல்ல உடல்நிலையில் உள்ளவரையும் இடறி வீழ்த்தக்கூடும். ஓரடி ஆழத்தில் சிறிய காரையே நகர்த்திவிடும்.

குடும்பங்கள் ஏன் தாமதிக்கின்றன என்பதை நாங்கள் அறிவோம். உறவினர் வீட்டிற்கு நோயாளியுடன் சென்று இரண்டு நாள் தங்குவது பலருக்குக் கூச்சம் தருகிறது. வெள்ளம் வராமல் போய்விட்டால் கேலிக்கு ஆளாவோமோ என்ற தயக்கமும் உண்டு. "நான் எங்கும் வரமாட்டேன், இந்த வீட்டிலேயே இருக்கிறேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களிடம் வெள்ளத்தைப் பற்றி வாதிடுவதைவிட, "பேரப்பிள்ளைகள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம்" என்று அழைப்பது பலனளிக்கிறது. மருத்துவ அறிவுரை என்று எங்கள் பெயரைச் சொல்லியும் அழைத்துச் செல்லலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இத்தனைக்குப் பின்னும் இரவில் படகு ஏற வேண்டிய நிலை வரலாம். அப்போது என்ன நிகழ்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

இருளும் நீரும்

மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அவ்வாறு பழகிய கண்ணில் டார்ச் விளக்கின் ஒளி ஒரு நொடி விழுந்தாலும் பழக்கம் கலைந்துவிடுகிறது. மாடியில் நிற்பவர்கள், "இங்கே, இங்கே" என்று கூவியபடி படகோட்டியின் முகத்தை நோக்கி விளக்கை அடிப்பது இயல்பு. ஆனால் அச்செயல் அவரைச் சில நிமிடங்களுக்குக் குருடாக்குகிறது. அழைப்பதற்கு விளக்கை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டுங்கள். படகு அருகில் வந்தபின் ஒளியை நீரின்மீதும் ஏற வேண்டிய படியின்மீதும் மட்டும் விழச் செய்யுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்கும் விளக்கும் இதில் அடங்கும்.

அதே வேளையில், படகு பிறருக்குத் தெரியவும் வேண்டும். துடுப்புப் போடும் சிறு படகில்கூட, எதிர்ப்படும் படகுக்கு உரிய நேரத்தில் காட்டுவதற்கு ஒரு வெண்ணிற விளக்கேனும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்பயண விதி. வெள்ளத்தில் மீட்புப் படகுகள் ஒரே தெருவில் எதிரெதிரே வருவதுண்டு. ஆகவே உங்களிடம் உள்ள டார்ச் விளக்குகளில் ஒன்றைப் படகோட்டியிடம் கொடுத்து, எப்போது எரிக்க வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வெள்ளம் புகுந்த நகரத்து ஆறு உண்மையில் ஆறு மட்டுமன்று. நீருக்கு அடியில் கம்பிமுனை பதித்த மதில், நிறுத்திவைத்த கார், மூடி திறந்த பாதாளச் சாக்கடை ஆகியவை மறைந்திருக்கின்றன. நீர்மட்டம் உயர்ந்திருப்பதால், வழக்கமாக எட்டாத உயரத்தில் உள்ள மின்கம்பி தலைக்கு அருகில் வந்துவிடுகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று எண்ணிக் கம்பியையோ கம்பத்தையோ பிடித்துக்கொள்ளக் கூடாது. எங்கோ ஒரு வீட்டில் இயங்கும் ஜெனரேட்டரிலிருந்தும் மின்சாரம் பாயக்கூடும். பாலத்தின் தூண்கள் மிகுந்த ஆபத்துடையவை. நீரோட்டம் படகைத் தூணோடு அழுத்திக் கவிழ்த்துவிடும். அனுபவமுள்ள படகோட்டி பாலத்தைத் தவிர்த்து, சுற்றிச் செல்ல விரும்பினால் அவசரப்படுத்தாதீர்கள்.

படகோட்டியிடம் சொல்ல வேண்டியவை

இப்பகுதியை மட்டுமேனும் வீட்டில் உள்ள அனைவரும் படிக்க வேண்டுகிறோம். படகைப் பற்றி மீட்பவர் அறிவார். நோயாளியைப் பற்றி நீங்கள்தான் அறிவீர்கள். இருட்டில், மழையில், நான்கு கைகள் நீண்டு ஒருவரைத் தூக்கும்போது, எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதை நீங்கள் உரக்கச் சொல்லாவிட்டால் வேறு எவரும் சொல்லப்போவதில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கையில் ஃபிஸ்டுலா எனும் இரத்தக்குழாய் இணைப்பு செய்திருப்போம். அவரது உயிர்வழி அதுவே. படகில் இழுத்து ஏற்றுபவர் இயல்பாகப் பற்றுவது கையைத்தான். "இந்தக் கையைத் தொடாதீர்கள்" என்று முன்னதாகச் சொல்லுங்கள். அடையாளத்திற்காக அக்கையில் எதையும் இறுகக் கட்டிவிட வேண்டாம். மற்றக் கையில் ஒரு வண்ணத் துணியைத் தளர்வாகக் கட்டி, "துணி கட்டிய கையைப் பிடியுங்கள்" என்று கூறுவது நல்லது. பக்கவாதத்தால் தளர்ந்த கையை இழுத்தால் தோள்மூட்டு நழுவக்கூடும். நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைத் தொடக்க மாதங்களில் இரு கைகளையும் பிடித்து இழுக்கவே கூடாது. அவர் தாமே கைகளை ஊன்றி எழவும் முயலக் கூடாது. இவர்களை அடியில் கைகொடுத்து, இடுப்பையும் தொடையையும் தாங்கித் தூக்க வேண்டும்.

அன்பின் காரணமாகச் செய்யப்படும் ஒரு தவறும் உண்டு. மூச்சுத்திணறும் முதியவரைக் கண்டதும், "பாவம், படுக்க வையுங்கள்" என்று படகின் தரையில் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். இதயம் பலவீனமானவரும் நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவரும் தட்டையாகப் படுத்தால் மூச்சுத்திணறல் அதிகரிக்கும். ஒரு மீட்புப் படகிலிருந்து எங்களிடம் வந்த பெரியவர் ஒருவருக்கு நீரால் எந்தக் கேடும் நேரவில்லை. வழிநெடுக மல்லாந்து கிடந்ததே அவரை அந்நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மருந்து செலுத்தியபின் தேறினார். "தலையணை மூன்று வைத்துத்தான் தூங்குவார்" என்று வீட்டில் உள்ளவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நிறைமாதக் கர்ப்பிணியும் மல்லாந்து படுக்கக் கூடாது. இடப்புறமாக ஒருக்களித்துப் படுப்பதோ சாய்ந்து உட்கார்வதோ ஏற்றது.

மறதி நோயுள்ளவர்கள் மாலைக்குப் பிறகு கூடுதலாகக் குழப்பமடைவதுண்டு. ஓடும் படகில் "வீட்டுக்குப் போகணும்" என்று அவர் திடீரென எழுந்து நின்றால் அனைவருக்கும் ஆபத்து. அவரைத் தரையில் உட்காரவைத்து, அவருக்குப் பின்னால் நீங்கள் அமர்ந்து, உங்கள் இரு முழங்கால்களுக்கு இடையே அவரை அணைத்துக்கொள்ளுங்கள். பழக்கமான ஒருவர் குரல் காதருகே பேசிக்கொண்டிருப்பது தூக்க மாத்திரையைவிட நன்மை தரும். அவரை அமைதிப்படுத்த வழக்கத்திற்கு மேல் மாத்திரை கொடுத்து அழைத்து வராதீர்கள். மயக்கத்தில் உள்ளவர் நீரில் விழுந்தால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

காது கேளாதவருக்கு இருட்டில் சைகையும் தெரியாது. ஏறுவதற்கு முன்பே தொடு குறிகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு தட்டு என்றால் அசையாதே, இரண்டு தட்டு என்றால் எழலாம் என்பது போன்ற எளிய ஏற்பாடு போதும்.

ஏறுவதும் அமர்வதும்

சிறு படகு கவிழ்வதற்குப் பெரிய அலை வேண்டியதில்லை. ஏறும் நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதே போதுமானது. ஆகவே ஒருவர் ஏறி அமர்ந்த பின்னரே அடுத்தவர் ஏற வேண்டும். காலைப் படகின் நடுவில் வைக்க வேண்டும். ஏறியதும் உட்கார்ந்துவிட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதில் படகோட்டி சொல்வதே முடிவு. "இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவர்தானே" என்ற மன்றாட்டு எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், அந்த ஒருவரால் படகின் விளிம்பு நீருக்கு அருகில் இறங்கிவிடுகிறது. உள்ளே புகும் நீர், படகு சாயும்போதெல்லாம் தாழ்ந்த பக்கத்திற்கே ஓடி மேலும் சாய்க்கும். அடுத்த முறை வருவார்கள் என்று நம்பிக் காத்திருக்கும் மனத்திடம் வேண்டும். ஆனால் நோயாளியையும் அவரது மருந்துகளை அறிந்தவரையும் பிரிக்காதீர்கள்.

சக்கர நாற்காலியில் அமர்த்தியபடியே படகில் ஏற்றுவது வசதியாகத் தோன்றும். அது தவறு. உயரமான இருக்கை படகின் நிலைப்பைக் குலைக்கும். நாற்காலி அடுத்த படகில் வரட்டும், அல்லது வராமலே போகட்டும். நோயாளி தரையில், நடுவில், மடித்த போர்வையின்மீது அமர வேண்டும். தூக்குப்படுக்கையில் கொண்டுவர நேர்ந்தால், படகில் வைத்தபின் அவரைப் படுக்கையோடு பிணைக்கும் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள். விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் கயிற்றால் கட்டுவதை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். படகு கவிழ்ந்தால் கட்டப்பட்டவருக்குத் தப்பும் வழியே இல்லை.

லைஃப் ஜாக்கெட் என நாம் அழைக்கும் உயிர்காப்பு அங்கியை மழைச் சட்டைக்கும் சால்வைக்கும் மேலே அணிய வேண்டும். அதன்மேல் வேறு எதையும் போர்த்தக் கூடாது. எல்லாப் பட்டைகளையும் பூட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காது வரை ஏறினால் அது தளர்வாக உள்ளது. நீரில் உடல் கீழே நழுவிவிடும். வயிற்றில் துளையிட்டு உணவுக்குழாயோ வேறு பையோ பொருத்தியிருப்பவருக்கு, பட்டை அதன்மேல் அழுந்தாதவாறு சற்று மேலே பூட்டலாம். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பெரியவர்களின் அங்கி பயன்படாது. குழந்தையைத் தாயின் உடலோடு துணியால் கட்டவும் வேண்டாம். கைகளில் பிடித்துக்கொள்வதே நன்று.

ஆக்சிஜன் சிலிண்டரை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து, உருளாதபடி இருபுறமும் துணிமூட்டையை முட்டுக்கொடுங்கள். பெட்ரோல், டீசல் எஞ்சினிலிருந்து இயன்ற அளவு தள்ளி இருக்கட்டும். ஆக்சிஜன் திறந்திருக்கும்போது படகில் எவரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. எரிபொருள் ஊற்றுவதும் கூடாது. வீடுகளில் பயன்படும் 10 லிட்டர் கொள்ளளவுள்ள 'பி' வகைச் சிலிண்டர் நிறைந்திருந்தால் அதில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் செலவானால் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். மின்சாரத்தில் இயங்கும் கருவியை மட்டும் நம்பியிருப்போர், மழைக்காலத்தில் ஒரு சிலிண்டரையும் வீட்டில் வைத்திருப்பது அவசியம்.

வழியில்

இன்சுலின் போட்டுக்கொள்பவர் நெடுநேரம் உணவின்றிக் காத்திருந்தால் சர்க்கரை அளவு தாழலாம். பகலில் வியர்வையையும் முகவாட்டத்தையும் கண்டு அறிகிறோம். இரவில், மழையில் நனைந்த முகத்தில் வியர்வை எங்கே தெரியப்போகிறது? அவ்வப்போது அவரிடம் பேச்சுக் கொடுங்கள். பெயரையோ தெருவையோ கேட்கும்போது பதில் குழறினால், பயத்தில் உளறுகிறார் என்று விட்டுவிடாமல், விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். அதைப் பையின் அடியில் வைக்காமல் உங்கள் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

சென்னை வெள்ளநீர் குளிர்நாட்டு ஆறுபோல் உறையவைப்பதில்லை. ஆயினும் நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் முதியவர்களின் உடல் வெப்பம் குறையும். உலர்ந்த துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவர மறவாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் ஏறும்போது தலையில் இடித்துக்கொண்டால், வலி சிறிதாயினும் எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

படகு கவிழ்ந்துவிட்டால், மிதக்கும் படகை விட்டு நீந்திச் செல்ல முயலாதீர்கள்; அதைப் பற்றிக்கொள்ளுங்கள். நீரோட்டம் வரும் பக்கமாக நின்று பற்றினால் படகுக்கும் மதிலுக்கும் இடையில் நசுங்க நேராது. நீரோடு அடித்துச் செல்லப்படுபவர் மல்லாந்து மிதந்தபடி, கால்களை நீரோட்டம் செல்லும் திசையில் மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேகமாக ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால், அடியில் உள்ள இடுக்கில் கால் சிக்கி முகம் நீருக்குள் அமிழும்.

நீரிலிருந்து எடுக்கப்பட்டவர் மூச்சின்றி இருந்தால், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் வீண், நேரமும் போய்விடும். வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு கொடுப்பதைத் தொடருங்கள். மூச்சு திரும்பி, அவர் பேசினாலும்கூட மருத்துவமனைக்கு வரத்தான் வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரின் தீங்கு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

எடுத்துவர வேண்டியதும், வந்தபின் சொல்ல வேண்டியதும்

மருந்துச் சீட்டு, கடைசி பரிசோதனை அறிக்கை, மூன்று நாளுக்கான மாத்திரைகள் ஆகியவற்றை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு இப்போதே கட்டி வையுங்கள். சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். நனைந்து கூழான கோப்புடன் வந்து, "வெள்ளை மாத்திரை ஒன்று, பாதி மஞ்சள் மாத்திரை ஒன்று" என்று சொல்வோரை நாங்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் காண்கிறோம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலும் சில நாள் கெடாது. வெயிலும் வெள்ளநீரும் படாமல் இருந்தால் போதும்.

டயாலிசிஸ் தள்ளிப்போகும் நிலையில், அடுத்த முறை செய்துகொள்ளும் வரை நீரின் அளவை இன்னும் குறையுங்கள். நிவாரணமாகக் கிடைக்கும் வாழைப்பழமும் இளநீரும் பிறருக்கு நல்ல உணவு. உங்களுக்குப் பொட்டாசியத்தை உயர்த்தி இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடியவை.

உதவி கோர 108, 112 ஆகிய எண்களுடன், மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, சென்னை மாநகராட்சியின் 1913 ஆகியவற்றையும் சுவரில் எழுதி வையுங்கள். பேசும்போது முகவரியை மட்டும் கூறாமல், "படுத்த படுக்கையான நோயாளி, எந்தத் தளம், ஆக்சிஜன் உண்டா, இல்லையா" என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். எத்தகைய படகை, எத்தனை ஆள்களுடன் அனுப்புவது என்பதை அவர்கள் அதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

கரையேறியபின் வெள்ளநீர் பட்ட உடலைச் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுங்கள். காயம் இருந்தால் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஒரு வாரமோ இரு வாரமோ கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நோயாளிக்கு மட்டுமன்றி, அவரைத் தூக்கிக்கொண்டு நீரில் நடந்து வந்த உங்களுக்கும் இது வரக்கூடும். அப்போது எந்த மருத்துவரிடம் சென்றாலும், வெள்ளநீரில் இறங்கிய நாளை மறவாமல் குறிப்பிடுங்கள்.